உடைந்த கண்ணாடி ஒட்டுமா?

உடைந்த கண்ணாடியும் முறிந்த மனமும் ஒட்டா என்று எம்மூர்ப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். மனத்தைப் பற்றி இங்கே பேச நான் முன்வரவில்லை. கண்ணாடியைப் பொறுத்தமட்டில் அக்கூற்று முற்றும் உண்மையன்று. தக்க சூட்டில் வைத்துத் தக்க முறையில் ஆற்றி எடுப்பின், உடைந்த கண்ணாடி ஒட்டும். ஒட்டிய இடம் தெரியாதவாறே ஒட்டும். ஆனால், எந்தக் கண்ணாடியும் எந்தக் கண்ணாடியோடும் ஒட்டிவிடுமா? அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. அச்சூட்சுமத்தை அறியாமல் எனது தமக்கையார் இழந்த இரண்டு கண்ணாடிகளின் கதையையும், அறிந்துகொண்ட பின்னர் அவர் காப்பாற்றிய பன்னிரண்டின் கதையையும் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

பதினான்கு கண்ணாடிகள்

எமது தந்தையார் 1936-ஆம் ஆண்டில் வடமராட்சியிலே வீடு கட்டியபோது, தலைவாசற் கதவின் மேலும் விறாந்தை யன்னல்களின் மேலும் வண்ணக் கண்ணாடிகளைப் பதிப்பித்தார். அக்காலத்து வீடுகளில் அது ஓர் அழகு. காலை வெயில் ஏற ஏற, விறாந்தையின் சீமெந்து நிலத்திலே சிவப்பு, நீலம், பச்சை, தேன் நிறம் என நான்கு வண்ணக் கட்டங்கள் மெல்ல நகர்ந்து செல்லும். பிள்ளைகள் நாங்கள் ஐவர். ஆளுக்கொரு நிறத்தைச் சொந்தமாக்கிக்கொண்டு அந்தக் கட்டத்துக்குள் நிற்பதுதான் எமது விளையாட்டு. நிறங்கள் நான்கு, பிள்ளைகள் ஐவர். கடைக்குட்டியாகிய எனக்கு நிறம் இல்லாமற் போயிற்று. அப்போது மூத்த அக்கா என்னைக் கைப்பிடித்து இழுத்துத் தமது சிவப்புக் கட்டத்துக்குள் நிறுத்திக்கொள்வார்.

போர்க்காலத்தில் அவ்வீடு பெருஞ் சேதமுற்றது. 2012-ஆம் ஆண்டில் எஞ்சிய சுவர்களையும் இடித்துப் புது வீடு கட்ட நேர்ந்தது. மேசன்மார் பழைய நிலைகளைக் கழற்றியபோது பதினான்கு கண்ணாடிகள் முழுதாய்க் கிடைத்தன: சிவப்பு நான்கு, நீலம் ஐந்து, பச்சை மூன்று, தேன் நிறம் இரண்டு. உடைந்த சில்லுகள் ஒரு விசுக்கோத்துத் தகரப்பெட்டி நிறைய இருந்தன. என்ன செய்வதென்று அறியாமல் அனைத்தையும் பழஞ்சேலையிற் சுற்றிப் பத்திரப்படுத்தி வைத்தேன்.

ஆசிரியப் பணியில் இருந்து ஓய்வு பெற்றபின் மெல்பேண் நகரில் மக்களோடு வாழும் அக்கா, 2018-இல் ஊருக்கு வந்தார். முதுமையில் பொழுதுபோக்காகக் கண்ணாடிச் சூளை வேலை பழகியிருந்தார். வீட்டின் மோட்டார் வண்டிக் கொட்டகையிலே சிறியதொரு மின்சாரச் சூளையும் வைத்திருந்தார். பழஞ்சேலை மூட்டையை அவிழ்த்துப் பார்த்தவர் வெகுநேரம் பேசாதிருந்தார். பின்னர், “தம்பி, இதை என்னட்டைத் தா. ஐந்து பேருக்கும் ஐந்து தட்டுச் செய்து தருகிறேன்” என்றார். பதினான்கு கண்ணாடிகளும் ஒரு பெட்டிச் சில்லுகளும் கடல் கடந்தன.

உருகுவதும் தொய்வதும்

கண்ணாடி என்பது வெண்மணலைச் சோடாவோடும் சுண்ணாம்போடும் சேர்த்து உருக்கிப் பெறும் பொருள். எமது வல்லிபுரம், அம்பன் பக்கத்து மணலும், நாத்தாண்டிய மணலும் இதற்கு உகந்தவை என்பதை நேயர்கள் அறிவர். பனிக்கட்டி ஒரு குறித்த சூட்டில் உருகி நீராவது போலக் கண்ணாடி உருகுவதில்லை. சூடு ஏற ஏற அது வெல்லப்பாகு போலப் படிப்படியாக இளகுகிறது. ஆகவே சூளையிலே கண்ணாடியைக் கையாள்பவர் எந்தச் சூட்டில் நிறுத்துகிறாரோ, அதற்கேற்ற பயனையே பெறுவார்.

கைத்தொழிலுக்கெனச் செய்யப்படும் வண்ணக் கண்ணாடியை எடுத்துக்கொள்வோம். இங்கே கூறும் சூடுகள் யாவும் சென்ரிகிறேட் அளவில் உள்ளவை. ஏறத்தாழ 620 முதல் 675 பாகை வரை கண்ணாடி தனது பாரத்தினாலேயே வளைந்து தொய்யும். அடியிலே ஓர் அச்சு இருந்தால் அதன் வடிவிற் படிந்துகொள்ளும். 730 முதல் 760 பாகை வரை துண்டுகளின் ஓரங்கள் மழுங்கி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்; எனினும் மேடுபள்ளம் மறையாது. 800 முதல் 815 பாகையில் அடுக்கிவைத்த துண்டுகள் யாவும் கலந்து ஒரே தகடாகிவிடும். யன்னற் கண்ணாடி சற்றுக் கடினமானது. அதற்கு இன்னும் இருபது முப்பது பாகை வேண்டும்.

இதனாலேயே ஒரு தட்டுச் செய்வதற்குச் சூளையை இருமுறை மூட்டுகின்றனர். முதன்முறை, சமதளத்தில் துண்டுகளை அடுக்கி ஒரே தகடாக உருக்கி எடுப்பர். இரண்டாம் முறை, அத்தகட்டைக் குழிந்த அச்சின்மேல் வைத்துக் குறைந்த சூட்டில் தொய்ய விடுவர். இரண்டாம் சூடு முதற் சூட்டினும் குறைந்ததாகையால், முன்பு அமைந்த கோலம் கலைவதில்லை.

இன்னுமொரு விதியையும் இத்தொழிலார் மறப்பதில்லை. முற்றாக உருகிய கண்ணாடி ஏறத்தாழ 6 மில்லிமீற்றர் தடிப்பையே நாடும். அதனினும் மெல்லியதாயின், மேற்பரப்பின் இழுவிசையால் ஓரங்கள் உள்ளே சுருங்கி, ஊசி போலக் கூர்மை பெறும். அதனினும் தடித்ததாயின் வெளியே பரவி ஓடும். ஆகவே 3 மில்லிமீற்றர்த் தகடுகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பதே வழக்கம்.

பழமைக்குப் புத்துயிர்

இது நேற்று முளைத்த கலையன்று. கண்ணாடியை வாயால் ஊதிப் பாத்திரம் செய்யும் முறை கிறித்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டிலே மத்தியதரைக் கடலின் கீழைக்கரையிலே தோன்றியது. அதற்கு முன்னரே, வண்ணத் துண்டுகளை அடுக்கி உருக்குவதும், தகட்டை அச்சின்மேல் வளையவிட்டுக் கிண்ணமாக்குவதும் நடைபெற்று வந்தன. இத்தாலியிலே கனோசா என்னும் இடத்திற் கிடைத்த கண்ணாடிக் கிண்ணங்கள், இரு கண்ணாடிகளுக்கிடையே பொன் இலைச் சித்திரம் வைத்து இணைக்கப்பெற்றவை. அவற்றை இன்றும் இலண்டன் பிரித்தானிய நூதனசாலையிற் காணலாம்.

ஊதும் முறை பரவியதும் சூளை முறை பெரிதும் மங்கிப்போயிற்று. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே பிரான்சு நாட்டுச் சிற்பி ஹென்றி குறோ கண்ணாடித் தூளை அச்சிலிட்டு உருக்கும் முறைக்குப் புத்துயிர் அளித்தார். 1948-இல் சிக்காகோ நகரிலே மைக்கல் ஹிகின்ஸ், பிரான்சிஸ் ஹிகின்ஸ் என்னும் தம்பதியர் சூளையில் தட்டும் கிண்ணமும் செய்து விற்கத் தொடங்கினர். 1974-இல் அமெரிக்காவின் போட்லண்ட் நகரில் தொடங்கப்பெற்ற புல்ஸ்ஐ என்னும் தொழிற்சாலை, பிற்காலத்தில் ஒன்றோடொன்று இசைந்து செல்லும் எனச் சோதித்து உறுதிசெய்த வண்ணக் கண்ணாடிகளை வெளியிட்டது. ஜெர்மனியிற் பிறந்த கலைஞர் கிளவுஸ் மொயே அத்தகைய கண்ணாடியைக் கொண்டு பெரும்பணி ஆற்றினார். கன்பரா கலைக்கல்லூரியிலே கண்ணாடித் துறையை நிறுவி அவுஸ்திரேலியாவில் இக்கலை வேரூன்றச் செய்தவரும் அவரே. அக்காவின் சிறு சூளை அந்த மரத்தின் ஒரு கிளை எனலாம்.

பதினோராம் நாள்

2019-ஆம் ஆண்டில் அக்கா முதல் தட்டைச் செய்தார். கடையில் வாங்கிய நிறமற்ற யன்னற் கண்ணாடியை அடியில் வைத்தார். அதன்மேல் சிவப்புக் கண்ணாடி ஒன்றையும் நீலக் கண்ணாடி ஒன்றையும் வெட்டி, எமது விறாந்தை நிலத்தைப் போலக் கட்டம் கட்டமாக அடுக்கினார். உருக்கினார், ஆற்றினார், கிண்ண அச்சில் தொய்யவிட்டு எடுத்தார். நீலம் அழகாக இருந்தது. சிவப்புச் சற்றுக் கறுத்திருந்தது. ஆயினும் ஒரு குறையும் கண்ணுக்குத் தெரியவில்லை. கைத்தொலைபேசியிலே அதன் படத்தை எமக்கெல்லாம் அனுப்பி மகிழ்ந்தார்.

பதினோராம் நாள் நள்ளிரவில், யாரும் தொடாமல், அலுமாரியின்மேல் இருந்த அத்தட்டு ‘டக்’ என்ற ஓசையோடு வெடித்தது. காலையிற் பார்த்தபோது சிவப்பும் நீலமும் சந்தித்த எல்லைக்கோட்டின் வழியே அது பிளந்திருந்தது.

அன்று அக்கா தொலைபேசியில் எடுத்துப் பேசினார். அழவில்லை; ஆனால் குரல் தளர்ந்திருந்தது. “தம்பி, பெட்டி நிறையச் சில்லு வைத்துக்கொண்டு முழுக் கண்ணாடியை வெட்டினேனே! முதலிற் சில்லிலே அல்லவா பரீட்சித்துப் பார்த்திருக்க வேண்டும்?” என்றார். எண்பத்து மூன்று ஆண்டுகள் வெயிலையும் குண்டையும் தாங்கி நின்ற கண்ணாடி, அன்பு மிகுந்த கையினால் அழிந்ததே என்பதுதான் அவர் கவலை.

மயிரிழை வேறுபாடு

ஏன் வெடித்தது? பெரும்பாலான பொருள்கள் சூட்டில் விரியும், குளிரிற் சுருங்கும். ஆனால் எல்லாக் கண்ணாடியும் ஒரே அளவிற் சுருங்குவதில்லை. கண்ணாடியிற் சேர்ந்த உப்புக்களையும், நிறம் தரும் உலோகங்களையும் பொறுத்து அதன் விரிவுக் குணகம் மாறும். கைத்தொழிற் கண்ணாடிகளில் ஒருவகைக்கு இக்குணகம் 90. மற்றொரு வகைக்கு 96. யன்னற் கண்ணாடிக்கு 83 முதல் 85 வரை. 90 என்றால், ஒரு பாகை சூடு மாறும்போது ஒரு கோடியில் 90 பங்கு நீளம் மாறும் என்பது பொருள்.

இது அற்பமெனத் தோன்றும். கணக்கிட்டுப் பாருங்கள். 20 சென்ரிமீற்றர் அகலமுள்ள தட்டு 480 பாகையிலிருந்து அறைச் சூட்டுக்கு வரும்போது, 90 குணகமுள்ள கண்ணாடி ஏறத்தாழ 0.83 மில்லிமீற்றர் சுருங்கும். 96 குணகமுள்ளது ஏறத்தாழ 0.88 மில்லிமீற்றர் சுருங்கும். வேறுபாடு ஒரு தலைமயிரின் தடிப்பளவே. ஆனால் இறுகிய கண்ணாடி அந்த மயிரிழைக்கும் விட்டுக்கொடாது. ஒட்டியிருக்கும் இரண்டும் ஒன்றையொன்று ஓயாமல் இழுத்தபடியே இருக்கும். வெளியே அமைதி, உள்ளே தகைப்பு. ஒரு நாள் இரவுக் குளிரோ, ஒரு சிறு கீறலோ போதும், தட்டு பிளந்துவிடும். அது முதல் நாளிலும் நிகழலாம். மூன்று மாதம் கழிந்தும் நிகழலாம்.

குணகம் ஒன்றானாற் போதும் என்றும் எண்ணிவிடலாகாது. இளகும் தன்மையும் இரண்டுக்கும் இசைய வேண்டும். ஆகவே எண்ணை நம்புவதிலும் சோதனையை நம்புவதே மேல்.

உறவறியும் சோதனை

இச்சோதனை எளியது. நிறமற்ற கண்ணாடியில் விரலளவு அகலமான ஒரு கீற்றை வெட்டிக்கொள்ள வேண்டும். சோதிக்க வேண்டிய கண்ணாடிகளிலிருந்து நகக்கண் அளவான சில்லுகளை எடுத்து, இடைவெளி விட்டு அதன்மேல் வைக்க வேண்டும். அந்தக் கீற்றிலிருந்தே வெட்டிய ஒரு சில்லையும் சாட்சியாக ஓரத்தில் வைக்க வேண்டும். முற்றாக உருக்கி, நன்றாக ஆற்றி எடுத்தபின், முனைவாக்கிய ஒளியை விடும் இரண்டு தகடுகளுக்கிடையே அதைப் பிடித்துப் பார்க்க வேண்டும். புகைப்படக்காரர் கண்ணாடி வில்லைக்கு முன் பூட்டும் வடிகட்டியும் இதற்கு உதவும். ஒரு தகட்டைத் திருப்பிக்கொண்டே போனால் ஒரு நிலையில் ஒளி முற்றாக மறைந்து இருளாகும். அவ்விருளிலே சில்லைச் சுற்றி வெள்ளொளி வளையம் தோன்றினால், அங்கே தகைப்பு உண்டு, அவ்விரண்டும் இசையா. வளையம் தோன்றாவிடின் இசையும். சாட்சிச் சில்லைச் சுற்றியும் ஒளி தெரிந்தால், குற்றம் கண்ணாடியில் அன்று. ஆற்றிய முறையில் என்று அறிந்துகொள்ளலாம்.

2020-இல் பெருந்தொற்றுக் காரணமாக மெல்பேண் மக்கள் மாதக்கணக்கில் வீட்டோடு அடைந்து கிடந்தபோது, அக்கா அந்தத் தகரப்பெட்டிச் சில்லுகளை ஒவ்வொன்றாகச் சோதித்தார். நிறமற்ற கண்ணாடிமேல் மட்டுமன்றி, நீலத்தின்மேல் பச்சை, பச்சையின்மேல் தேன் நிறம் என ஒன்றன்மேல் ஒன்றாகவும் வைத்துப் பார்த்தார். நீலமும் பச்சையும் உடன்பிறந்தவை போல இசைந்தன. தேன் நிறம் எதனோடும் இசையவில்லை. எனினும் தன்னோடு தான் சேர்ந்தபோது குறையில்லை. ஒரே தகட்டிலிருந்து வெட்டிய துண்டுகள் தம்முள் முரண்படா என்பது இத்தொழிலில் நம்பத்தக்க விதி.

சிவப்போ பெரும் வியப்பைத் தந்தது. அதன் உடைந்த விளிம்பை உற்றுப் பார்த்தபோது, கண்ணாடி நிறமற்றதாகவே இருந்தது. மேலே மாத்திரம் வெங்காயத் தோல் போல மெல்லிய சிவப்புப் படலம் காணப்பட்டது. முற்காலத்திற் செந்நிறக் கண்ணாடியைப் பெரும்பாலும் இவ்வாறே செய்தனர். அச்சில்லைத் தனியே உருக்கி எடுத்தபோது, சிவப்பு மாறி ஈரல் நிறமாகிவிட்டது. செம்பினாற் சிவந்த கண்ணாடி மீண்டும் உயர்ந்த சூடு கண்டால் இப்படி மங்குவது உண்டு. முதல் தட்டிலே சிவப்புக் கறுத்ததன் காரணமும் அப்போதுதான் விளங்கியது.

ஆற்றுவதே பாதி வேலை

உருக்குவதிலும் ஆற்றுவதே கடினம் என்பது இத்தொழிலின் முதற்பாடம். சூடான தகட்டின் ஓரம் முதலிற் குளிரும். நடு பின்னர்க் குளிரும். இரண்டும் வெவ்வேறு நேரத்தில் இறுகினால் அங்கேயும் தகைப்பு உண்டாகும். ஆகவே கண்ணாடி இறுகத் தொடங்கும் நிலையிலே சூளையை நிறுத்தி, தகடு முழுவதும் ஒரே சூட்டை அடையும்வரை காத்திருக்க வேண்டும். இதனை ஆற்றிப் பதமாக்கல் எனலாம்.

கைத்தொழிற் கண்ணாடிக்கு 482 பாகை தக்கது. 6 மில்லிமீற்றர்த் தகடாயின் ஒரு மணி நேரம் அங்கே நிறுத்தி, 427 பாகை வரை மணிக்கு 83 பாகையாக இறக்குவர். 12 மில்லிமீற்றராயின் இரண்டு மணி நேரம். பின்னர் மணிக்கு 55 பாகை. 25 மில்லிமீற்றராயின் நான்கு மணி நேரம். பின்னர் மணிக்கு 15 பாகை மட்டுமே. தடிப்பு ஏற ஏறப் பொறுமை பன்மடங்காக வேண்டும் என்பதை இக்கணக்குக் காட்டும். 370 பாகைக்குக் கீழே சற்று விரைவாக ஆறவிடலாம்; ஆனால் மூடியைத் திறக்கலாகாது. ஆவல் மேலிட்டுச் சூளையைத் திறந்து, குளிர்காற்றுப் பட்டுப் பாழான தட்டுகள் எண்ணில.

எமது பழங் கண்ணாடியின் பதம் எதுவென எவரும் எழுதி வைக்கவில்லை. யன்னற் கண்ணாடி இன்னும் உயர்ந்த சூட்டிலேயே இறுகத் தொடங்கும். எனவே அக்கா 550 பாகையில் இரண்டு மணி நேரம் நிறுத்தி, அங்கிருந்து 430 பாகை வரை மிக மெல்ல இறக்கினார். மின்சாரச் செலவு கூடியது, கண்ணாடி பிழைத்தது.

பிழையும் பரிகாரமும்

இவ்வேலை பழகுவோர்க்கு நேரும் இடர்களையும் அவற்றின் குறிகளையும் அக்காவின் குறிப்புப் புத்தகத்திலிருந்து தொகுத்துத் தருகிறேன்.

வெடிப்பு: முதலில் வெடித்த விளிம்பைத் தொட்டுப் பார்க்க வேண்டும். விளிம்பு மழுங்கியிருந்தால், சூடேறும்போதே வெடித்து, பின்னர் உயர்ந்த சூட்டில் மழுங்கியது. அடுத்தமுறை மெதுவாகச் சூடேற்ற வேண்டும். விளிம்பு கூராக இருந்தால் ஆறும்போதோ ஆறிய பின்னரோ வெடித்தது. நிற எல்லைகளை ஒட்டி வெடிப்பு ஓடினால் கண்ணாடிகள் இசையவில்லை. நிறத்தைப் பொருட்படுத்தாமல் பாம்பு போல நெளிந்து ஓடினால் ஆற்றியது போதாது.

குமிழி: இரு தகடுகளுக்கிடையே அகப்பட்ட காற்று சூட்டில் ஊதிக் குமிழியாகும். 650 முதல் 670 பாகை வரையில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் நிறுத்தினால், மேல் தகடு மெல்லப் படிந்து காற்றை ஓரத்தால் வெளியேற்றிவிடும். சூளைத் தட்டத்திற் பள்ளமோ ஈரமோ இருந்தாலும் அடியிலிருந்து பெருங் குமிழி கிளம்பும்.

மங்கற் படலம்: மேற்பரப்பு பளபளப்பிழந்து, சுருக்கம் விழுந்து, வெண்மை படர்ந்தால் அங்கே கண்ணாடி நுண்பளிங்காக மாறியிருக்கிறது. 700 முதல் 760 பாகைக்கு இடையில் நெடுநேரம் தங்குவதும், அழுக்கும் கைரேகையும் ஒட்டியிருப்பதும் இதற்குக் காரணம். கண்ணாடியை நன்கு கழுவி, நாரில்லாத துணியால் துடைத்து, அவ்விடையைச் சற்று விரைவாகக் கடக்க வேண்டும்.

அடி ஒட்டுதல்: கண்ணாடி சூளைத் தட்டத்தில் ஒட்டாதிருக்க, அலுமினாவும் கயோலின் என்னும் வெண்களியும் சேர்ந்த தூளை, ஒரு பங்குக்கு ஐந்து பங்கு நீரிற் கரைத்து, மென்தூரிகையால் நான்கைந்து பூச்சுப் பூசி, முற்றாக உலர்த்த வேண்டும். முற்றாக உருக்கும் சூளைக்குப் பின் அப்பூச்சின் தன்மை மாறிவிடும். அதையே மறுமுறையும் நம்பினால் அது கண்ணாடியின் அடியில் அப்பிக்கொள்ளும். ஆகையால் சுரண்டி நீக்கிப் புதிதாய்ப் பூச வேண்டும். தொய்ய விடும் அச்சிலுள்ள பூச்சுக் குறைந்த சூடே காண்பதால் பலமுறை உழைக்கும்.

கோணல்: தட்டு ஒருபுறம் சரிந்து தொய்ந்தால், அச்சு மட்டமாக இல்லை, அல்லது கண்ணாடி நடுவில் இருக்கவில்லை, அல்லது சூடு விரைவாக ஏறியது என்று கொள்ளலாம். சூட்டைக் குறைத்து நேரத்தைக் கூட்டுவதே பரிகாரம். அச்சின் அடியிலுள்ள காற்றுத் துளைகள் அடைபடாதிருக்க வேண்டும்.

அச்சின் இயல்பு: குழிந்த அச்சு சுட்ட களிமண்ணால் ஆகியிருப்பது நன்று. ஆறும்போது கண்ணாடி களிமண்ணிலும் அதிகம் சுருங்குவதால், தானே அச்சினின்றும் விலகிவிடும். ஆனால் கவிழ்ந்த அச்சின் மேலே கண்ணாடியைப் போர்த்துவதாயின், களிமண்ணை இறுகப் பற்றிக்கொண்டு வெடித்துவிடும். அதற்குத் துருவுறா உருக்குக் கிண்ணமே ஏற்றது. அது கண்ணாடியிலும் அதிகம் சுருங்கி வழிவிடும்.

இவை எல்லாவற்றிலும் பெரிய பரிகாரம் ஒன்றுண்டு. ஒவ்வொரு முறையும் எந்தக் கண்ணாடி, எத்தனை அடுக்கு, எந்தச் சூட்டில் எவ்வளவு நேரம், விளைந்தது யாது என்பதைக் குறித்து வைப்பதே அது. சூளைக்குச் சூளை வெப்பமானி சிறிது வேறுபடும். பிறர் தந்த கணக்கு வழிகாட்டுமேயன்றி, நும் சூளையின் குணத்தை நும் புத்தகமே சொல்லும்.

உடலைப் பேணுக

அழகுக்காக ஆரோக்கியத்தை இழத்தல் தகாது. கண்ணாடி வெட்டும்போதும் தேய்க்கும்போதும் கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணிய வேண்டும். பூச்சுத் தூளும், கண்ணாடித் தூளும், பீங்கான் நாரினாலான தாளிலிருந்து கிளம்பும் தூசியும் நுரையீரலுக்குக் கேடு. அவற்றைக் கையாளும்போது நுண்தூசியைத் தடுக்கும் முகமூடி அணிவதோடு, உலர்ந்த விளக்குமாற்றாற் கூட்டாமல் ஈரத் துணியால் துடைக்க வேண்டும். சூளையுள் கைவைக்குமுன் மின்னிணைப்பைத் துண்டிக்க வேண்டும். சூளை இருக்குமிடம் காற்றோட்டமுள்ளதாகவும், சிறுவர் அணுகாததாகவும் இருத்தல் அவசியம்.

பழைய வண்ணக் கண்ணாடியிலே ஈயமும் கட்மியமும் கலந்திருக்கக் கூடும். ஆகவே அதிற் செய்த தட்டிலே உணவு வைத்து உண்ணலாகாது. அக்காவும் தாம் செய்த ஒவ்வொரு தட்டின் அடியிலும் “பார்வைக்கு மட்டும்” என்று எழுதி ஒட்டியே அனுப்பினார்.

சிவப்பு

எஞ்சியவை பன்னிரண்டு: சிவப்பு மூன்று, நீலம் நான்கு, பச்சை மூன்று, தேன் நிறம் இரண்டு. நீலத்தையும் பச்சையையும் இவ்விரண்டு அடுக்காகச் சேர்த்து மூன்று தட்டுகள் ஆயின. ஒரு கண்ணாடி மிகுதியாயிற்று. தேன் நிறம் இரண்டும் தம்முள் சேர்ந்து ஒரு தட்டாயின. அவை பிளக்கவில்லை. மூன்று ஆண்டுகள் கடந்தும், இரு தகடுகளுக்கிடையே வைத்துப் பார்த்தால் இருள் இருளாகவே இருக்கிறது என்று அக்கா பெருமையோடு சொல்வார்.

நான்கு தட்டுகள், நாங்களோ ஐவர். கணக்கு மீண்டும் பழைய விறாந்தைக் கணக்காகவே வந்து நின்றது.

2023-ஆம் ஆண்டு அக்கா மறுபடியும் ஊருக்கு வந்தார். கைப்பெட்டியைத் திறந்து, கம்பளித் துணியிற் சுற்றிய ஒரு பொதியை எடுத்து என் மடியில் வைத்தார். உள்ளே மூன்று சிவப்புக் கண்ணாடிகள் இருந்தன. தீண்டப்படாமல், எமது தந்தையார் பதிப்பித்தபடியே இருந்தன. “தம்பி, இதைச் சூளையில் வைத்தால் கெட்டுப்போகும். எல்லாவற்றையும் உருக்கித்தான் காப்பாற்ற வேண்டுமென்றில்லை. இருந்த இடத்திலேயே வைத்துவிடு” என்றார்.

தச்சரை அழைத்துப் புதுக் கதவின் மேல்நிலையில் மூன்று கட்டங்கள் எடுப்பித்தேன். அவை இப்போது அங்கே இருக்கின்றன. காலை எட்டு மணியளவில் புது வீட்டின் ஓட்டு நிலத்திலே மூன்று சிவப்புக் கட்டங்கள் விழுகின்றன. சென்ற கிழமை என் பேத்தி அதில் ஒன்றினுள் ஏறி நின்று, தன் தம்பியையும் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள். நான் அக்காவுக்குத் தொலைபேசியில் அதைச் சொன்னேன். மறுமுனையில் சற்று நேரம் ஓசை இல்லை. பின்பு, “கட்டம் இருவருக்கும் காணுமா?” என்று கேட்டார்.

காணும் என்றேன்.